நள்ளிரவுப் பாசறையும் நைட் ஷிஃப்டும்

போன இதழில், அதியமான் ஆண்ட தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, சேரன் பிடித்த போரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பழைய படைத்தலைவர்களிடம் இன்றைய மேலாளர் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டு ஓசூர், கிருஷ்ணகிரி, பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் ஓசூரில் இரும்புத் தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராகச் சேர்ந்து, உற்பத்தி மேலாளராக ஓய்வு பெற்றவன். சங்கப் பாட்டு எனக்கு அப்பா வழியாக வந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து ஒரு சூப்பர்வைசர்: சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பல வருடம் லைனில் இருந்தேன். இப்போது சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். கூட உட்கார்ந்து டீ குடித்தவர்களிடமே வேலை வாங்க வேண்டியிருக்கிறது. கண்டித்தால் "வந்துட்டாரு பெரிய ஆபீசர்" என்கிறார்கள். விட்டுப் பிடித்தால் டார்கெட் போய்விடுகிறது. கண்டிப்பாக இருப்பதா, நண்பனாக இருப்பதா?

அதியமானை அவ்வையார் ஐந்தே அடியில் ஒரு யானையாகக் காட்டுகிறார். பெரிய களிறு ஒன்று நீர்த்துறையில் கிடக்கிறது. ஊர்ச் சின்னப் பிள்ளைகள் அதன் வெள்ளைத் தந்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு நீ இப்படி இனியவன், உன்னோடு ஒட்டாதவருக்கோ அதே யானையின் மதம் போல இன்னாதவன் என்கிறார் (புறநானூறு 94). உங்கள் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. யாரிடம் இனிமை, யாரிடம் கடுமை என்பது அதியமானுக்குத் தெரிந்திருந்தது.

நான் பார்த்த சூப்பர்வைசர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். காலை மீட்டிங்கில் எதற்கும் "சரி சார்". ஷீட் லேட்டாக வந்ததற்கும் டை, அதாவது தகட்டை வெட்டும் அச்சு, தேய்ந்ததற்கும் பழி தன் ஆட்கள் மேல் விழும்போது வாய் திறக்க மாட்டார்கள். லைனுக்குத் திரும்பியதும் மதம் பிடிக்கும். அடுத்த முறை அப்படி ஒரு பழி வரும்போது, அந்த ரிஜெக்ட் பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போங்கள். "விளிம்பில் பிசிறைப் பாருங்கள், டை தீட்ட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, ஆபரேட்டர் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். டீ பிரேக்குக்குள் அந்தச் செய்தி லைன் முழுக்கப் போய்விடும். பிறகு லேட்டாக வந்தவனை நீங்கள் கண்டித்தாலும் ஆபீசர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உங்களைப் போலவே திடீரென்று பொறுப்புக்கு வந்த இன்னொருவர் செனோஃபோன். கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரஸ் தன் அண்ணனிடமிருந்து அரசைப் பிடிக்கக் கிரேக்கக் கூலிப்படையை அழைத்துப் போனான். குனக்சா போரில் அவனே இறந்துவிட்டான். பேச வாருங்கள் என்று கூப்பிட்டுக் கிரேக்கத் தளபதிகளையும் பாரசீகர் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். தலைவரில்லாத படை தானே தேர்ந்தெடுத்த புதிய தளபதிகளில் ஒருவர்தான், அதுவரை எந்தப் பதவியும் இல்லாமல் கூட வந்த செனோஃபோன்.

திரும்பும் வழியில் ஒரு குன்றின் உச்சியை எதிரிக்கு முன்னால் பிடித்தாக வேண்டும். குதிரையில் கூடவே போய், "ஓடுங்கள், ஊருக்கும் பெண்டு பிள்ளைகளுக்கும் போகிற ஓட்டம் இது" என்று அவர் உற்சாகப்படுத்துகிறார். சொட்டெரிடாஸ் என்ற வீரனுக்கு எரிச்சல். "நீ குதிரையில் வருகிறாய், நான் கேடயத்தைச் சுமந்து சாகிறேன்" என்றான். செனோஃபோன் மறுபேச்சுப் பேசவில்லை. குதித்து இறங்கி, அவனை வரிசையிலிருந்து தள்ளிவிட்டு, கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். குதிரைவீரனுக்கான கனத்த மார்புக் கவசம் வேறு உடம்பில் இருந்தது, மூச்சு முட்டியது. மற்ற வீரர்களே சொட்டெரிடாஸை அடித்துத் திட்டி, கேடயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வைத்தார்கள். உச்சியை அவர்கள்தான் முதலில் பிடித்தார்கள்.

இந்தக் கதையில் செனோஃபோன் குதிரையிலிருந்து இறங்கிய இடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் மறுபடி குதிரையில் ஏறினார் என்பதும் அதே அளவு முக்கியம். குதிரை போக முடிகிற வரை குதிரையில் போனார், முடியாத இடத்தில் நடந்தார். லைனில் இருந்து வந்த உங்களுக்கு, சங்கடம் வரும்போதெல்லாம் மெஷினில் போய் நிற்கத் தோன்றும், கைப்பழக்கம் இழுக்கும். அவசரத்துக்கு நில்லுங்கள். ஆனால் பத்து மெஷினையும் பார்க்க வேண்டியவர் ஒரே மெஷினில் நின்றுவிட்டால் மற்ற ஒன்பதையும் பார்க்க ஆளில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மாம்பழக்கூழ் ஆலை மேலாளர்: சீசனில் இரவும் பகலும் ஓட்டுகிறோம். வாசலில் தோத்தாபுரி லாரிகள் வரிசையில் நிற்கும். நைட் ஷிஃப்டில் மட்டும் வேலையும் தரமும் இறங்குகின்றன. கேமரா வைத்தும் பலனில்லை. இதற்கும் பழைய காலத்தில் வழி இருக்கிறதா?

இருக்கிறது. என் வேலைக் காலம் முழுவதும் நான் பிடித்துக்கொண்டிருந்த வழி அது. நெடுநல்வாடையின் கடைசிப் பகுதியை எடுத்துப் படியுங்கள். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மேல் நக்கீரர் பாடியது என்பார்கள். கூதிர்க்காலம், நடுச்சாமம், வாடைக்காற்று. பாசறையில் விளக்குச் சுடரெல்லாம் காற்றுக்குத் தெற்கே சாய்ந்து எரிகிறது. சேணம் கழற்றாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று உடம்பில் விழுந்த துளிகளை உதறுகின்றன. அரசன் தூங்கவில்லை. காயம்பட்டவர்களைப் பார்க்க நடந்து வருகிறான். நழுவும் மேலாடையை இடப்பக்கம் அணைத்துக்கொண்டு, வாளைத் தோளில் மாட்டிய ஓர் இளம் வீரனின் தோள்மேல் மற்றக் கையை வைத்துக்கொண்டு வருகிறான். முன்னால் ஒருவன் வேப்பிலை கட்டிய வேலால் ஒவ்வொருவரையும் முறைமுறையாகச் சுட்டிக் காட்டுகிறான். அரசன் முகம் கொடுத்துப் பார்க்கிறான். "நள்ளென் யாமத்தும் பள்ளி கொள்ளான், சிலரொடு திரிதரும் வேந்தன்" என்று நக்கீரர் சொல்கிறார்.

இதில் உங்களுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. நேரம் நடுச்சாமம். நைட் ஷிஃப்டுக்கு ரவுண்ட்ஸ் என்று ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பத்துக்குத் திரும்புகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆட்கள் தளர்வது இரண்டு மணிக்கு மேல். கூட வந்தவர்கள் சிலர்தான். பின்னால் எட்டுப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் அது இன்ஸ்பெக்ஷன், யாரும் உண்மை பேச மாட்டார்கள். முன்னால் போகிறவன் ஆள் ஆளாகக் காட்டுகிறான், அதாவது யாருக்கு எங்கே காயம் என்பது அவனுக்கு ஏற்கனவே தெரியும். உங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு அப்படித் தெரியுமா என்று முதலில் பாருங்கள்.

என் பிரஸ் ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம், அதாவது மேலிருந்து வந்து தகட்டை அழுத்தும் பாகம், இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஒரு ராத்திரி மூன்று மணி வாக்கில் போனபோது, ஒரு ஆபரேட்டர் ஒரு பட்டனை ரப்பர் பேண்டால் கட்டி அழுத்தியே வைத்திருந்தார். நல்ல வேலைக்காரர். மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டேன். பீஸ் போடும் தொட்டி அவருக்கு இடது பக்கம் தரையில் இருந்தது. ஒவ்வொரு பீஸுக்கும் குனிய வேண்டும். ஷிஃப்டின் பிற்பாதியில் இடுப்பு தாங்காது, அந்த நேரத்தை ஈடுகட்ட ஒரு கையைக் காலியாக்கிக்கொண்டிருக்கிறார். தொட்டிக்கு ஒரு ஸ்டாண்ட் அடித்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கினோம். ரப்பர் பேண்ட் போயிற்று, அந்த மெஷினின் இரவுக் கணக்கும் பகலுக்குச் சமமாக ஏறியது. கேமராவில் பார்த்திருந்தால் விதி மீறிய ஒருவர் மட்டும்தான் தெரிந்திருப்பார். மெமோ கொடுத்திருப்போம், தொட்டி தரையிலேயே இருந்திருக்கும்.

உங்கள் ஆலையில் பழம் தரம் பிரிக்கும் மேஜைக்கு மேல் வெளிச்சம் போதுமா? ஈரத் தரையில் நிற்கிற பெண்களுக்கு மூன்று மணிக்குச் சூடாக ஒரு டீ கிடைக்கிறதா? வரும் சீசனில் போய் நின்று பாருங்கள்.

பர்கூரிலிருந்து ஒரு வாசகர்: கிரானைட் ஆலை ஒன்றில் வேலை. போர்டு, சார்ட், ஆடிட் ஃபைல் எல்லாம் பளபளவென்று இருக்கும். வேலை மட்டும் நகராது.

அதியமான் அவ்வையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டினான். அவ்வையார் பார்த்துவிட்டுச் சொன்னார்: இங்கே வேல்களெல்லாம் மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல்மிக்க மாளிகையில் இருக்கின்றன. எங்கள் தலைவனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன (புறநானூறு 95).

உங்கள் முதலாளி ஆலைக்கு வந்தால் ஃபைல் ரூமுக்கு முன்னால் மெயின்டனன்ஸ் ரூமுக்குக் கூட்டிப் போங்கள். எந்தப் பிளேடு எத்தனை நாளில் தேய்ந்து வந்தது, எந்த மோட்டார் மூன்றாம் முறையாக ரீவைண்டிங்குக்குப் போனது என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

தருமபுரியிலிருந்து ஒரு எம்.பி.ஏ. மாணவி: பாலைவனத்தில் அலெக்சாண்டர் தனக்குக் கிடைத்த ஒரே தலைக்கவசத் தண்ணீரைப் படையினர் முன்னால் கீழே கொட்டினாராம். தலைமைப் பண்புக்கு இதைவிட உதாரணம் இல்லை என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

அரியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கி.மு. 325, கெட்ரோசியா, அதாவது இன்றைய பலுசிஸ்தானின் மக்ரான் பக்கம். சில வீரர்கள் எங்கோ கொஞ்சம் தண்ணீர் கண்டு, தலைக்கவசத்தில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நன்றி சொல்லி வாங்கி, எல்லோரும் பார்க்கத் தரையில் ஊற்றினார். படை முழுவதும் தண்ணீர் குடித்தது போலத் தெம்பு பெற்றது என்கிறார் அரியன். வேறு இடத்தில் நடந்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு என்று அவரே எழுதுகிறார்.

நல்ல செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: அந்தப் படையை அந்தப் பாலைவனத்துக்கு யார் கூட்டிப் போனது? கடலோரமாக வரும் தன் கப்பல்களுக்குத் தண்ணீரும் தானியமும் சேகரிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அசீரிய அரசி செமிராமிஸும், மேலே சொன்ன இளவரசனுக்கு முந்தைய, பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸும் கடக்க முடியாமல் படையை இழந்த பாதையைத் தான் கடந்து காட்ட வேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம் என்று, கப்பல்களை நடத்தி வந்த நியார்க்கஸே சொன்னதாக அரியன் எழுதுகிறார். வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள். கூடவே வந்த பெண்களும் குழந்தைகளும் ஓடையோரம் தங்கியிருந்தபோது ராத்திரி வந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

அதனால் எனக்கு அலெக்சாண்டரிடம் பிடித்தது அதற்கு ஒரு வருடம் முந்தைய சம்பவம். கி.மு. 326, பியாஸ் ஆற்றங்கரை. படை இனி ஒரு அடி நகராது என்றது. கொய்னஸ் என்ற மூத்த தளபதி எழுந்து, வந்தவர்களில் எத்தனை பேர் மிச்சம், அவர்கள் எப்படி இளைத்துப்போனார்கள், பெற்றோரையும் பிள்ளைகளையும் பார்க்க எப்படி ஏங்குகிறார்கள் என்று நேராகச் சொன்னார். அலெக்சாண்டருக்குக் கோபம். மூன்று நாள் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை. படை மனம் மாறவில்லை. கடைசியில் திரும்புவோம் என்று அறிவித்தார், வீரர்கள் அழுதார்கள்.

உலகத்தை வென்றவனிடம் போய் முடியாது என்று சொல்ல அந்தப் படையில் ஒருவர் இருந்தார், சொன்ன பிறகும் உயிரோடு இருந்தார். நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் அப்படி ஒரு கொய்னஸ் இருக்கிறாரா என்று பாருங்கள். மேலாளரானால், உங்கள் மீட்டிங்கில் அப்படி ஒருவர் பேச இடம் வையுங்கள். தண்ணீரைக் கொட்ட வேண்டிய நிலைமையே வராமல் போகலாம்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு பயிற்சியாளர்: ஐ.டி.ஐ. முடித்த பையன்களை வந்த மூன்றாம் நாளே லைனில் போடு என்கிறார்கள்.

அவ்வையார் அதியமானின் பகைவரைப் பார்த்து எச்சரிக்கிறார்: களம் புகாதீர்கள், எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான், ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து கருத்தோடு செய்த ஒரே ஒரு சக்கரம் போன்றவன் அவன் (புறநானூறு 87).

எட்டுத் தேர் செய்கிற வேகம் அந்தத் தச்சனுக்கு இருந்தது. ஆனால் எதில் ஒரு மாதம் செலவழிக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. நிர்வாகத்திடம் இதைப் பாட்டாகச் சொன்னால் கேட்க மாட்டார்கள். மூன்றாம் நாள் லைனில் போன பையன்கள் முதல் மாதத்தில் போட்ட ஸ்கிராப்பையும், உடைத்த டூலையும், அவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வெர்னியர் அளவுகோலைச் சரியாகப் பிடித்துப் படிக்கத் தெரியும் வரை ஒரு பையனையும் தனியாக விடாதீர்கள்.

ஓசூரிலிருந்து இன்னொருவர்: "ஃபேக்டரி ஒரு போர்க்களம், நீங்கள் வீரர்கள்" என்று எங்கள் எம்.டி. அடிக்கடி சொல்கிறார். சரிதானா?

சரியில்லை. வீரன் உயிரைக் கொடுக்கச் சம்மதித்துப் போனவன். உங்கள் தொழிலாளி எட்டு மணி நேர உழைப்பைக் கொடுத்துக் கூலி வாங்கி, முழு உடம்போடு வீட்டுக்குப் போக வேண்டியவர். படைத்தலைவன் தன் ஆட்களைக் கவனித்துக்கொண்ட விதத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்ளலாம். அவர்களைச் சாகக் கொடுக்கும் உரிமை எந்த மேலாளருக்கும் இல்லை.

பென்னாகரத்திலிருந்து ஒரு ஆசிரியர்: அதியமானை இவ்வளவு புகழ்கிறீர்கள். கடைசியில் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் தகடூரை இழந்தவன்தானே? தோற்றவனிடம் என்ன பாடம்?

தோற்றான், உண்மைதான். இரும்பொறைக்குத் 'தகடூர் எறிந்த' என்பதே அடைமொழியாக நின்றுவிட்டது. அந்தச் சேரனும் சிறியவன் அல்ல. முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிய புலவர் மோசிகீரனாரை, அந்தக் குற்றத்துக்கான வழக்கப்படி வெட்டாமல், பக்கத்தில் நின்று விசிறியவன் அவன் (புறநானூறு 50). அதிகாரம் கையில் இருக்கும்போது விதியைத் தள்ளி வைத்து ஆளைப் பார்க்கத் தெரிந்தவன்.

ஆனால் அதியமான் இறந்தபோது அவ்வையார் பாடியதைப் போல ஒரு பாட்டு வென்ற எத்தனையோ அரசருக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தைத் தான் மகிழ்ந்து குடிப்பான் என்று தொடங்குகிறார். பிறகு இந்த இரண்டு அடி: "என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கீயும் மன்னே, அம்பொடு வேல்நுழை வழியெல்லாம் தான்நிற்கும் மன்னே." எலும்போடு கூடிய கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்குக் கொடுப்பான், அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் தான் போய் நிற்பான் (புறநானூறு 235).

தலைமையைப் பற்றி என்னிடம் யார் என்ன கேட்டாலும் இந்த இரண்டு அடியைத்தான் முதலில் சொல்வேன். போனஸ் கூடும்போது யார் முன்னால் நின்றார்கள், கஸ்டமர் கத்தும்போது யார் முன்னால் நின்றார்கள் என்று ஒவ்வொரு தொழிலாளியும் மனதில் கணக்கு வைத்திருக்கிறார். தோல்வி பல காரணத்தால் வரும். அது வந்த பிறகும் ஆட்கள் உங்களை என்னவென்று பேசுகிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

அரூரிலிருந்து ஒரு முன்னாள் ராணுவ வீரர்: இப்போது ஒரு கம்பெனியில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். மாதாமாதம் 'சிறந்த ஊழியர்' என்று போட்டோ மாட்டுகிறோம். யாரும் மதிப்பதில்லை, முறை வைத்துக் கொடுக்கிறீர்கள் என்கிறார்கள்.

உங்கள் ஊரைச் சுற்றித்தான் இதற்கான பாடம் கல்லிலேயே இருக்கிறது. செங்கம், அரூர், தருமபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் போனது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு முறை போய் நிதானமாகப் படித்துப் பாருங்கள். பொதுவாக எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு என்று தொடங்கும். எந்தத் தலைவனின் ஆள், எந்த ஊர்த் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கும்போது இறந்தான் என்று சொல்லி, அவன் பெயரைச் சொல்லும். அரசன் பெயர் ஆண்டைக் குறிப்பதற்குத்தான். கல் அந்தச் சாதாரண வீரனுடையது.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். நாய்க்கும் பெயர் உண்டு, அது என்ன செய்தது என்பதும் உண்டு.

உங்கள் போர்டில் போட்டோ இருக்கிறது, பெயர் இருக்கிறது. என்ன செய்தார் என்பது இல்லை. அதனால்தான் முறை வைத்த மாதிரி தெரிகிறது. அடுத்த மாதம் போட்டோவை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: இந்தத் தேதி, இந்த ஷிஃப்ட், கம்ப்ரசர் நின்றபோது இன்ன ஃபிட்டர் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து விடிவதற்குள் ஓட வைத்தார், கூட நின்ற ஹெல்பர் இன்னார். ஒரு மாதத்தில் அப்படி எழுத எதுவும் நடக்கவில்லையென்றால் அந்த மாதம் போர்டைக் காலியாக விடுங்கள்.